பெரியவனுக்கு, தஞ்சாவூரிலிருந்து

தஞ்சாவூர்,
ஆடி 8

அன்புள்ள பெரியவனுக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. நீங்கள் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? மெல்பர்னில் இது குளிர்காலம். குட்டிக்குக் காதை மூடாமல் வெளியே கூட்டிப் போகாதீர்கள்.

சம்பந்தியம்மா நேற்று புனேயிலிருந்து பேசினார். மாப்பிள்ளை பக்கத்தில் நாற்பது பேர் வருகிறார்கள். சின்னவள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து, முடிந்ததும் இரண்டு நாள் தங்கி ஊர் பார்த்துவிட்டுப் போக ஆசையாம். எங்கே போகலாம், எந்த நேரத்தில் போகலாம் என்று எழுதித் தரச் சொல்லி நீதான் கேட்டாய். எழுதுகிறேன். இங்கிலீஷில் மாற்றி அவர்களுக்கு அனுப்பு. நீ எழுதினால் தெளிவாக இருக்கும், அது எனக்குப் பெருமைதான். அனுப்புவதற்கு முன்னால் மருமகளிடம் ஒருமுறை காட்டு. விட்டுப்போனதை அவள் சட்டென்று கண்டுபிடிப்பாள்.

சென்னைக்கு விமானத்தில் வருகிறவர்கள் எழும்பூரில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் தஞ்சாவூர். வயதானவர்கள் திருச்சிக்கே விமானத்தில் வந்துவிடட்டும், அங்கிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். நீங்களும் திருச்சியில்தானே இறங்குகிறீர்கள்? குழந்தையும் பெட்டிகளும் இருக்குமே என்று பெரிய வண்டியாகவே சொல்லியிருக்கிறேன்.

பெரிய கோயிலுக்குக் காலை ஆறு மணிக்கே போகச் சொல். தவறினால் மாலை நாலரைக்கு மேல். ஆவணி என்றாலும் பகலில் அந்தக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது, மதியம் நடையும் சாத்தியிருக்கும். கழற்றி மாட்ட எளிதான செருப்பு, கையில் தண்ணீர். இதை முதல் வரியிலேயே எழுது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. ராஜராஜன் 1010இல் கட்டி முடித்தது, விமானம் 216 அடி என்பதெல்லாம் எந்த வழிகாட்டியும் சொல்லிவிடுவார். கோபுர நிழல் தரையில் விழாது என்றும் யாராவது சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம் என்று எழுது. சாயங்காலம் போனால் நிழல் நீளமாக விழுந்து கிடப்பதை அவர்களே பார்க்கலாம். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் அந்தப் பொய்யை மூட்டை கட்டிக்கொண்டு போவதை நான் விடமாட்டேன்.

அங்கே கல்வெட்டுகளில் தளிச்சேரிப் பெண்கள், அதாவது கோயிலில் ஆடியவர்கள், நானூறு பேரின் பெயர் இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, இரண்டாம் வீடு என்று வரிசையாக, யார் எந்த வீட்டில் இருந்தாள், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று எனக்குத் தெரிகிறது. உன் வீட்டைப் பற்றித்தான் போனில் ஒன்றும் தெரிவதில்லை. போன மாதம் குட்டி பேசினாளே, அவள் பின்னால் தெரிந்த திரைச்சீலை உங்கள் வீட்டுத் திரைச்சீலை மாதிரி இல்லை. புதிதாக வாங்கியிருப்பீர்கள்.

சரி, முக்கியமானதைச் சொல்கிறேன். புனேக்காரர்களை அதே கோயிலில் தென்மேற்குப் பக்கத்துச் சுவருக்குக் கண்டிப்பாகக் கூட்டிப்போக வேண்டும். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803இல் போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றை மராத்தியில், தேவநாகரி எழுத்தில் அங்கே வெட்டி வைத்தார். நாம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம், அவர்கள் நின்று படிப்பார்கள். சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி ஏகோஜி 1670களில் இங்கே ஆட்சியைப் பிடித்தார். 1855 வரைக்கும் மராட்டியர் காலம்தான். சம்பந்தியம்மாவிடம் இதைச் சொன்னதும், பெண் எடுக்க அந்நிய ஊருக்குப் போகிறோம் என்று இனி நினைக்கவே மாட்டேன் என்றார். எனக்கு மனசு நிறைந்துபோனது. இந்த நிச்சயம் நடந்த நாளிலிருந்து அப்பாவுக்கும் இந்த ஒரு விஷயம்தான் ஆறுதல்.

அரண்மனைக்கு மறுநாள் போகட்டும். சரசுவதி மகாலில் மராத்திச் சுவடிகளும் உண்டு. அதற்குப் பக்கத்தில் கலைக்கூடம். அங்கே ஆற அமரப் பார்க்க வேண்டும், ஓடக்கூடாது. திருவெண்காட்டிலிருந்து வந்த செப்புத் திருமேனிகளில் கல்யாணசுந்தரர் இருக்கிறார். சிவன் பார்வதியின் கையைப் பிடித்திருக்கிறார், அவள் தலையைக் கொஞ்சமாகச் சாய்த்து வெட்கப்பட்டு நிற்கிறாள். அண்ணன் ஸ்தானத்தில் திருமால் தாரை வார்த்துக் கொடுக்கிறார், கூடவே திருமகள். அண்ணனும் அண்ணியும் சேர்ந்து நின்றுதான் அந்தக் கல்யாணத்தை நடத்துகிறார்கள். உனக்கு நிச்சயமான புதிதில் உங்கள் இரண்டு பேரையும் அங்கே கூட்டிப் போனேன். திருமகள் முகத்தை யாருமே பார்ப்பதில்லை என்று மருமகள் சொன்னாள். அத்தனை வருஷம் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போயும் எனக்கு அது தோன்றவில்லை. இப்போது போகும்போதெல்லாம் முதலில் திருமகளைத்தான் பார்க்கிறேன். இதையும் எழுது, அவள் சொன்னாள் என்று போட்டே எழுது.

கல்யாணத்துக்கு மறுநாள் கும்பகோணம் பக்கம் போகலாம். நாற்பது கிலோமீட்டர்தான். வழியிலேயே தாராசுரம். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தைக் குழந்தைகளுக்குக் காட்டினால் போதும், மற்றதை அவர்களே தேடிப் பார்ப்பார்கள். சுவாமிமலையில் வண்டல் மண்ணில் அச்செடுத்துச் சிலை வார்ப்பதைப் பார்க்கலாம். நேரமிருந்தால் திருபுவனத்தில் பட்டு எடுக்கட்டும். காவிரியில் தண்ணீர் ஓடுகிற மாதம் என்பதால் கல்லணைக்கும் ஒரு சாயங்காலம் போகலாம், திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிட்டுவிட்டு வரலாம். திரும்பவும் சொல்கிறேன், வெயிலில் போக வேண்டாம், தண்ணீர் இல்லாமல் போக வேண்டாம்.

கல்யாண வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. மண்டபத்துக்கு நீ அனுப்பிய பணம் கட்டியாகிவிட்டது. தங்கைக்கு இப்படிச் செய்கிற அண்ணன் இந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் பணம் வந்த அன்றைக்கு நீ பேசியது இரண்டே நிமிஷம். பேசியதும் ரசீதைப் பற்றித்தான்.

சடங்கில் இரண்டு பக்கத்து வழக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறோம். அவர்கள் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் துணியைத் திரையாகப் பிடித்து மங்களாஷ்டகம் பாடுவார்கள், ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அட்சதை போட வேண்டும். அப்புறம் பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையின் காதைத் திருக வேண்டுமாம், அதற்கு அவர் உனக்கு மரியாதை செய்வாராம். மாப்பிள்ளை இப்போதே பயப்படுகிறார். பொரியை அவள் கையில் போடப்போவதும் நீதான். அதனால் முகூர்த்தத்துக்கு ஒரு நாள் முன்னால் வந்து இறங்குகிற கதை வேண்டாம். பந்தக்கால் ஊன்றும்போதே இரு.

சின்னவள் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டுதான் மேடைக்கு வருவாளாம். உன் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போட்டவள் அவள்தானே. அன்றைக்குக் கை நடுங்கி நேரமாகிவிட்டது என்று நாம் எல்லோரும் சிரித்தோம், மருமகள் மட்டும் சிரிக்காமல் குனிந்தபடியே பொறுமையாக இருந்தாள். சின்னவள் அதை மறக்கவில்லை. அண்ணிக்கு அனுப்பிய மெசேஜுக்குப் பதில் இல்லை என்று போன வாரம் சொன்னாள். வேலை அதிகமாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோதும் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றுதானே நீ சொன்னாய்.

நீ அனுப்பிய டிக்கெட்டை அப்பா அச்செடுத்து பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். அதில் ஒரு பெயர்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் வேறு தாளில் இருக்கும் என்கிறார். அப்படித்தான் இருக்கும். மாடி அறையை உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். குட்டிக்குத் தொட்டில் கம்பி இன்னும் இருக்கிறது, அவள் அதில் படுக்க மாட்டாள், ஆனாலும் கழற்ற மனசு வரவில்லை. தலையாட்டி பொம்மை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. ஒரத்தநாட்டு அத்தை விஷயத்தில் ஆளாளுக்கு ஒரே நேரத்தில் கேள்வி கேட்டு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், வந்தவுடன் எதையும் கேட்கக்கூடாது என்று. மண்டபத்தில் சொந்தக்காரர்கள் கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன், நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே. நீ வா. மூன்று பேராக வந்தாலும் சரி, எப்படி வந்தாலும் சரி, பந்தக்காலுக்கு முன்னால் வா. சரியாகச் சாப்பிடு. வீடியோவில் கன்னம் ஒட்டித் தெரிகிறது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் உடனே பதில் வேண்டும். மருமகளுக்கு அரக்குக் கலரில் திருபுவனம் பட்டு எடுத்திருக்கிறேன். ஜாக்கெட் தைக்க அளவு வேண்டும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கல்யாணத் துணி எடுத்துக்கொள்ள முடியாது என்று தையற்காரர் சொல்லிவிட்டார். பழைய அளவு என்னிடம் இருக்கிறது, குட்டி பிறந்த பிறகு மாறியிருக்கும். நீ கேட்டுச் சொல்கிறாயா, நானே அவளைக் கூப்பிட்டுக் கேட்கட்டுமா? நான் கூப்பிட்டால் அவள் எடுப்பாள் என்றுதான் நினைக்கிறேன். வியாழக்கிழமைக்குள் எழுது.

அன்புடன்,
அம்மா