ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். சேலத்திலிருந்து ஏற்காடு வரும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், அதில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி விட வேண்டும் என்பது விதி, ஆனாலும் விடுமுறை வந்தால் வளைவிலேயே காரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், பின்னால் நோயாளியும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறிய பேருந்து காத்து நிற்கிறது. அப்புறம் அந்த பாட்டில்கள்! சரிவில் உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள், மிதிப்பது காட்டெருமையும் காபித் தோட்டத்துக்கு நடந்து போகும் பெண்களும்தான். போலீஸ் நிற்கும் இடத்தில் மட்டும் ஒழுங்காக இருப்பது வெறும் பயம். பின்சீட்டுப் பிள்ளை எல்லாவற்றையும் பார்க்கிறது, வகுப்பில் நான் பேசுவதை விட அதுதான் அதன் மனதில் நிற்கும். கோடை விழாவுக்கு வருபவர்கள் தயவுசெய்து வண்டியில் ஒரு பை வைத்துக்கொண்டு, குப்பையைக் கீழே எடுத்துப் போங்கள்.

– ஓர் ஆசிரியை, ஏற்காடு