முயல் கணக்கை மூடிவிட்டாள்

அன்புள்ள வாலு,

ஏழு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. அந்தத் திட்டையெல்லாம் நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம், என் முட்டி வலியும் தேவலை. உன் பெண்ணுக்கு அனுப்பிய பழைய நுண்ணோக்கி உடையாமல் வந்ததா? அதைக் கேட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் மனசு வேறு ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நம் தோழி முயல் தன் ட்விட்டர் கணக்கை மூடிவிட்டாள், திசு ஸ்லைடைப் பார்த்து நோய் சொல்கிற நம் கூட்டத்துக்காக அவள் கேஸ் போட்டுவந்த கணக்கை. (எக்ஸ் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.) போன செவ்வாய்க்கிழமை வகுப்பில் நிற்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.

புற்றுநோய் என்று நம்மை ஏமாற்றும் கட்டிகளைப் பற்றிய வகுப்பு. வருஷாவருஷம் அதை முயலின் ட்விட்டர் இழையில்தான் (ஒரு பதிவும் அதன் கீழே வந்த பதில்களும்) தொடங்குவேன். உனக்கு நினைவிருக்கும், அந்த நோடுலர் ஃபேசைட்டிஸ் ஸ்லைடு. மூன்றே வாரத்தில் வளர்ந்த கட்டி, எங்கே பார்த்தாலும் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும், தனியாக உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைக்கு சார்கோமா என்கிற புற்றுநோயோ என்று வயிறு கலங்கிவிடும். ஆனால் அது புற்றுநோயே இல்லை, பல சமயம் தானாகவே வற்றிவிடும். முயல் படத்தை மட்டும் போட்டு "என்ன இது?" என்று கேட்டிருந்தாள். பாதிப்பேர் சார்கோமா என்றார்கள். அப்புறம், நாம் 'தலைவர்' என்று கூப்பிடுகிறவர் வந்தார். பிரிகிற செல்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், அவற்றில் விகாரமான பிரிதல் ஒன்றாவது உண்டா என்று தேடுங்கள் என்று எழுதினார். இன்னொருவர் திசுவுக்குள் சிந்திக் கிடக்கும் சிவப்பணுக்களைக் காட்டினார். எங்கோ வேறு கண்டத்திலிருந்து ஒருவர் இந்தக் கட்டியை உறுதிசெய்ய உதவும் யுஎஸ்பி6 மரபணுச் சோதனையைச் சொன்னார். நாம் பயின்ற காலத்தில் இப்படி ஒரு பாடம் கிடைக்க நாலு மாநாடு போயிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை திறந்தால், பதிவு இல்லை. கீழே பதில்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. "ஆமாம், இடது மூலையில் தெரிகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எந்த மூலை, எந்தப் படம்? பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று இரவே அவளைக் கூப்பிட்டேன். சண்டை போடலாம் என்றுதான் கூப்பிட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "அங்கே நான் யாரோட பேச? தலைவர் போயாச்சு, நீ போயாச்சு." அதற்கு மேல் என்ன சண்டை போடுவது?

அந்த ஒரு வரியைத்தான் நாலு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் கோபம், அதனால் கிளம்பினார்கள் என்று நீ எப்போதும் சொல்வாய். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலருக்கு எலான் மஸ்க் அதை வாங்கினார், சில நாளில் பாதி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார், அப்போது கோபப்படாதவர் நம் கூட்டத்தில் யார்? அந்த நவம்பரில் நானும் ட்விட்டர் மாதிரியே இருக்கிற மாஸ்டடான் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். ஆனால் காலையில் எழுந்ததும் திறந்தது ட்விட்டரைத்தான், ஏனென்றால் கேஸ்கள் அங்கேதான் வந்தன. கோபம் இருந்தது, கால் நகரவில்லை. இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1978-லேயே இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். நீ கணக்குப் பிரியை, உனக்குப் பிடிக்கும். நூறு பேர் நிற்கிறார்கள். ஒருவர் யாரும் தொடங்காவிட்டாலும் கல்லெறிவார். அடுத்தவர் ஒருவர் எறிந்தால் எறிவார், அதற்கடுத்தவர் இருவர் எறிந்தால். இப்படியே தொண்ணூற்றொன்பது வரை. ஒருவர் பின் ஒருவராக நூறு பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது அந்த இரண்டாம் ஆளை மட்டும் எடுத்துவிட்டு, இருவர் எறிந்தால்தான் எறிவேன் என்கிற ஆளை அங்கே நிறுத்து. ஒருவர் கல்லெறிவார், அதோடு முடிந்தது. கூட்டத்தின் மனநிலை கிட்டத்தட்ட அதேதான், ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்று கலவரம், இன்னொன்று ஒரு கிறுக்கனின் வேலை. நம் கூட்டம் 2022-ல் ஏன் நகரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

வாசல் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். மாஸ்டடான் தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்களாகப் பிரிந்து கிடக்கிறது, நுழைந்ததும் எந்தச் சர்வர் என்று கேட்கும். நம் ஆட்கள் பலர் அந்தக் கேள்வியிலேயே திரும்பிவிட்டார்கள். கணினிப் பாதுகாப்புக்காரர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, 2017 முதலே அவர்களுக்கென்று அங்கே ஒரு சர்வர் இருந்தது, போய் உட்கார்ந்துகொண்டார்கள். நமக்கு அப்படி முன்னால் போய் விளக்கேற்றி வைத்தவர் யாரும் இல்லை. 2023-ல் மெட்டா நிறுவனம் தொடங்கிய திரெட்ஸ் ஐந்தே நாளில் பத்துக் கோடிப் பேரைச் சேர்த்தது, அதில் நம்மவர் இரண்டு பேரோடுதான் நான் பேசியிருப்பேன்.

ட்விட்டர் மாதிரியே இன்னொரு தளமான ப்ளூஸ்கை 2024 பிப்ரவரி வரை அழைப்பு இருந்தால்தான் உள்ளே விட்டது. அந்த வருஷ நடுவில் ஸ்டார்ட்டர் பேக் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் பட்டியல் போட்டு வைத்தால், புதிதாக வருகிறவர் ஒரே அழுத்தலில் நூற்றைம்பது பேர் வரை பின்தொடரலாம். கிரனோவெட்டரின் வரிசையே அதில் தேவைப்படவில்லை பார். முன்னால் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், எல்லோரும் ஏற்கெனவே அங்கே இருப்பதாகத் தெரியும். நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிந்ததும் ப்ளூஸ்கை இரண்டு கோடியைத் தாண்டியது. அதே மாதம்தான் ட்விட்டரில், நாம் தடை செய்தவர்களும் நம் பதிவைப் பார்க்கலாம் என்று ஆக்கினார்கள், பதிவுகளை வைத்துச் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கலாம் என்ற புது விதிகளும் அமலுக்கு வந்தன. ஸ்லைடு படம் போடுகிற நமக்கு அது சின்ன விஷயமா? தலைவர் ஒரு பட்டியல் போட்டார், ஒரே வாரத்தில் நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கம்.

ஆனால் அந்தப் பட்டியலில் யார் பெயர் இருந்தது? பேசியவர்கள் பெயர்தான் இருந்தது. தினமும் படித்துவிட்டு ஒரு வரிகூட எழுதாமல் போனவர்களை யாருக்கும் தெரியாது, எப்படிச் சேர்ப்போம்? எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒற்றை ஆளாக ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைகள், "இப்படி ஒரு ஸ்லைடு வந்திருக்கு, பயமா இருக்கு" என்று கேட்கக்கூடக் கூச்சப்பட்டு, நம் பழைய இழைகளைத் தேடித் தேடிப் படித்தவர்கள். எத்தனை பேர் பிறகு தனியாக எழுதி நன்றி சொல்லியிருக்கிறார்கள்! நாம் கிளம்பியபோது அவர்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்பவில்லை. 2023 ஜூன் கடைசியிலேயே கணக்கு இல்லாதவர்களுக்கு ட்விட்டரைப் பூட்டிவிட்டார்கள். பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆனாலும் தனிப் பதிவுதான் தெரியும், கீழே இருக்கும் பதில்கள் தெரியாது. நமக்குப் பாடமே பதில்களில்தானே இருந்தது.

சேர்ந்து கிளம்பியவர்கள் இல்லாமல் இல்லை. 2021 மே மாதம் ஃப்ரீநோட் அரட்டைத் தளத்தை நடத்திவந்த தன்னார்வலர்கள் ஒட்டுமொத்தமாக விலகி, அதே நாளில் லிபெரா சாட் என்ற புதுத் தளத்தைத் தொடங்கினார்கள். கட்டற்ற மென்பொருள்காரர்கள் திட்டம் திட்டமாக, கூடிப் பேசி முடிவெடுத்து, அறையின் பெயரைக்கூட மாற்றாமல் போனார்கள். எங்கே போகிறோம் என்று பழைய அறையின் தலைப்பில் எழுதி வைத்தார்கள். அது பிடிக்காத ஃப்ரீநோடின் புது நிர்வாகம் அப்படி எழுதிய நூற்றுக்கணக்கான அறைகளைக் கைப்பற்றியதும், தயங்கி நின்றவர்களும் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்குக் கூடி முடிவெடுக்கும் பழக்கம் இருந்தது. நமக்கு ஒரு ஹாஷ்டேக் இருந்தது, அவ்வளவுதான்.

இதைவிட எனக்குப் பயமாக இருப்பது வாட்ஸ்அப் குழுக்கள். முயலே இப்போது அங்கேதான் கேஸ் போடுகிறாள். அருமையான விவாதம் நடக்கிறது, உள்ளே இருப்பவர்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் தேடினால் கிடைக்காது. ப்ளூஸ்கைக்குப் போனதை எல்லோரும் பேசுகிறார்கள், இந்தக் குடிபெயர்ச்சியை யாரும் பேசுவதில்லை.

சரி, உன்னிடம் வருகிறேன். நீ இன்னும் ட்விட்டரில்தான் இருக்கிறாய், "யார் போனாலும் நான் வரமாட்டேன்" என்று ஹாஸ்டலில் அறை மாற்றச் சொன்னபோது கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரியே. வா என்று நான் கூப்பிடப் போவதில்லை. நீ அங்கே இருப்பது நல்லது, அந்தப் பிள்ளைகள் யாராவது கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். கேட்கிறவர்களிடம் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று மட்டும் சொல்லு.

இன்னொரு வேலை இருக்கிறது, அவசரம். கணக்கை மூடினால் முப்பது நாள் வரை திரும்ப நுழைந்து மீட்டுவிடலாம். முயல் மூடிப் பத்தொன்பது நாள் ஆகிறது. தன் பதிவுகளின் தொகுப்பைத் தரவிறக்கி வைத்திருப்பதாகச் சொல்கிறாள், ஆனால் அதில் அவள் எழுதியது மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் சொன்ன பதில்கள் வராது. ஒரு வாரம் திறந்து வைத்தால் போதும். படத்தோடும் பதிலோடும் எல்லா இழைகளையும் நான் உட்கார்ந்து எடுத்துவிடுகிறேன், எழுதியவர்களிடம் அனுமதியும் நானே கேட்கிறேன். நான் சொன்னால் சரி சரி என்கிறாள், செய்யமாட்டேன் என்கிறாள். உன் பேச்சைத்தான் அவள் கேட்பாள், எப்போதும் அப்படித்தானே. இன்றைக்கே கூப்பிடு. இன்னும் பதினோரு நாள்தான்.

உன்,
பக்கத்துக் கட்டில்காரி