பொட்டலம் வந்துவிட்டது, கரைக்கிற தண்ணீர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாமில் வீடு வீடாக ஓ.ஆர்.எஸ். (போக்கில் உடம்பு இழக்கிற தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலமும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் கொடுப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியை வாசித்தேன். 2014-லிருந்து நடந்துவரும் நல்ல வேலை இது. குழந்தைகள் வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். குடியிருப்பதும் இந்தக் கடற்கரையில்தான். அதனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொட்டலம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதை எந்தத் தண்ணீரில், எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்பதுதான் இன்னும் போய்ச் சேரவில்லை.

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி என்று எங்கள் கரையோரத்தில் பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற அன்று குடங்களில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அது தீர்ந்துபோனால் விலைக்கு ஒரு குடம், இல்லையென்றால் போர் தண்ணீர். பெரியவர்களுக்கு நாக்கு பழகிவிட்டதால் லேசான உவர்ப்பு தெரிவதே இல்லை. ஆனால் அரசு தருகிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று 20.5 கிராம். அதில் 2.6 கிராம் சாதாரண உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், மீதி பொட்டாசியமும் சிட்ரேட்டும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு என்று அளந்து வைத்த கணக்கு அது. குளுக்கோஸும் உப்பும் அந்த அளவில் சேர்ந்திருந்தால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். உவர் தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடிப்போகும்.

"கொதிக்க வைத்துத்தானே கரைத்தேன்" என்பார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு எங்கே போகும்? தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறத்தான் செய்யும்.

அளவு இன்னொரு தொல்லை. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, பாயசம் மாதிரி ஊட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மருந்து கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும் என்று ஒரு நினைப்பு. கடையில் 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் விற்பதால் குழப்பம் கூடுகிறது. இப்படிக் கெட்டியாகக் கொடுத்தால் பிள்ளையின் ரத்தத்தில் உப்பு ஏறிவிடும். தாகத்தில் அலறும், போக்கும் நிற்காது, சில பிள்ளைகளுக்கு வலிப்பே வந்துவிடும். வீட்டில் இருக்கும் காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைச் சுத்தமாகக் கழுவி, கழுத்துவரை நல்ல தண்ணீர் பிடித்து, முழுப் பொட்டலத்தையும் அதில் கரைத்துவிட்டால் போதும். 24 மணி நேரத்துக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது.

ஒவ்வொரு தடவை வெளிக்குப் போன பிறகும், இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் வயதுள்ள பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி. மடக் மடக்கென்று புகட்டக் கூடாது. கரண்டியால் ஒவ்வொரு வாயாக, நிதானமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும்.

மருந்துக் கடைகளில் டெட்ரா பாக்கெட்டில் விற்கிற இனிப்பு பானங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் சர்க்கரை அதிகம், போக்கைக் கூட்டிவிடும். அந்த மாதிரி பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்று அச்சடிக்கக் கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. இருந்தாலும் "ஓ.ஆர்.எஸ். ஜூஸ் கொடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

எங்கள் பக்கம் தாய்மார்கள் விடிவதற்கு முன்பே பாசி எடுக்கவோ, கருவாடு காயப்போடவோ போய்விடுவார்கள். பகல் முழுக்கப் பிள்ளை அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோதான் இருக்கும். உச்சிக்குழி உள்ளே போனால், "சீர் தட்டிருச்சு", அதாவது ஏதோ தோஷம் பட்டுவிட்டது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போவதும், உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுப்பதும் அவர்கள்தான். பால் கொடுத்தால் இன்னும் போகும் என்று தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வதும் அவர்கள்தான். அன்பில் குறை வைக்கிறவர்கள் இல்லை. ஆனால் உச்சிக்குழி பள்ளமாவது உடம்பில் தண்ணீர் வற்றியதற்கான அடையாளம் என்று யாராவது ஒருவர் அவர்களிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டாமா? கண் குழிவிழுவது, அழுதால் கண்ணீர் வராதது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது, வெகுநேரம் மூத்திரம் போகாதது எல்லாம் அதே அடையாளங்கள். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குக் குழைந்த சோறும் கொடுக்கலாம்.

பிள்ளை துவண்டு கிடந்தாலும், எதையும் குடிக்க மறுத்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும் மந்திரிக்கிறவர் வீட்டுப் பக்கம் போகாமல் 108-ஐ அழையுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்குப் போக்கு என்றாலே நேராக ஆஸ்பத்திரிதான்.

துத்தநாக மாத்திரை போக்கு நின்ற மறுநாளே பரணுக்குப் போய்விடுகிறது. 14 நாளும் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை 10. கைக்குழந்தைக்குக் கரண்டியில் கொஞ்சம் தாய்ப்பால் பீய்ச்சி அதிலேயே கரைத்துக் கொடுக்கலாம்.

மாவட்ட நிர்வாகத்துக்கு உங்கள் மூலமாக இரண்டு வேண்டுகோள். கரையோர அங்கன்வாடி ஒவ்வொன்றிலும் ஓ.ஆர்.எஸ். கரைப்பதற்கென்றே ஒரு கேன் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பிள்ளைக்குப் போக்கு என்று வருகிறவர்களுக்கு ஒரு லிட்டர் அளந்து கொடுக்கட்டும். அடுத்தது, புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும்போது அப்பத்தாவையோ அம்மாச்சியையோ கூடவே அழைத்து வரும்படி கிராம சுகாதார செவிலியர்கள் சொல்லட்டும். வயிற்றுப்போக்கைத் தடுக்கிற ரோட்டா சொட்டு மருந்துக்காக 6, 10, 14-ஆவது வாரங்களில் எப்படியும் பிள்ளையைத் தூக்கி வருகிறார்கள். அந்த மூன்று வாரத்தில் ஒரு வாரமாவது, அந்தப் பாட்டி கையாலேயே ஒரு பொட்டலத்தைக் கரைக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.