பக்கம் முடியும் இடம்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஐப்பசி மாதம்

அன்புள்ள கண்ணா,

உன் டர்ன்டேபிளில் தட்டு ஓடுவதை நீ போனில் பதிவு செய்து அனுப்பியதை ஹெட்போன் மாட்டி மூன்று தடவை கேட்டேன். கிங் கிரிம்ஸன் குழு 1969-இல் போட்ட முதல் எல்.பி. தட்டு, இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு. மெலட்ரான் என்கிற கட்டை வாத்தியம் அலை அலையாக எழும்பும் இடத்தில் சத்தம் கிழிகிறது. பாடுகிறவரின் ‘ஸ’ எல்லாம் ‘ஷ்’ என்று சிதறுகிறது. அதே பக்கத்தின் தொடக்கம் சுத்தமாக இருக்கிறது என்றும் சொன்னாய். அப்படியானால் ஸ்பீக்கர் மேலும் பழி இல்லை, ஆம்ப் மேலும் இல்லை. புதிதாக எதையும் வாங்க ஓடாதே. (முதல் பக்கத்து முதல் பாட்டை வைத்துச் சோதிக்காதே. அதில் குரலை வேண்டுமென்றேதான் கிழித்திருக்கிறார்கள்.)

கோளாறு தட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. தட்டில் எங்கே ஊசியை வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடிதான். வெளி விளிம்பில் அந்த ஒரு சுற்றில் ஊசிக்கு அடியில் ஓடுகிற க்ரூவின், அதாவது இசையை வெட்டியிருக்கும் பள்ளத்தின், நீளம் 90 சென்டிமீட்டருக்கு மேல். லேபிளுக்குப் பக்கத்தில் 38 சென்டிமீட்டர்தான். விநாடிக் கணக்கில் சொன்னால் வெளியே சுமார் 51 செ.மீ., உள்ளே 21 செ.மீ. அதே இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் மடித்துத் திணித்திருக்கிறது. மேல்ஸ்தாயி ஓசைகளின் நெளிவு அங்கே ஊசி முனையைவிடப் பொடியாகிவிடும். ஊசி அதற்குள் இறங்க முடியாமல் மேலே வழுக்கிக்கொண்டு போகும். நீ கேட்ட ‘ஷ்’ அதுதான்.

சினிமாப் பாட்டுத் தட்டில் இது பெரிய தொல்லை இல்லை. மூன்று நான்கு நிமிஷப் பாட்டுகள், எது கடைசியில் வந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். கிங் கிரிம்ஸன் மாதிரியான புரோக்ரெசிவ் ராக்காரர்கள் ஒரு முழுப் பக்கத்தையே ஒரே உருப்படியாகக் கட்டியவர்கள். மெதுவாகத் தொடங்கி, நடுவில் நாலு தெரு சுற்றி, உச்சத்தைக் கடைசியில் வைப்பார்கள். அந்தக் கடைசி என்பது தட்டில் இருப்பதிலேயே மோசமான இடம்! ஜெனிசிஸ் குழுவின் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ (1972) இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொள். ஒன்றரை நிமிஷக் கிட்டார், அதன்பின் ஏறக்குறைய 23 நிமிஷம் ‘சப்பர்ஸ் ரெடி’. ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷம்வரை தாராளம். 24, 25 என்று போனால் க்ரூவ்களை நெருக்கிப் போடவேண்டும், அதற்காக ஒலியைக் குறைத்து வெட்டுவார்கள். நீ வால்யூமைக் கூட்டுவாய், கூடவே தட்டின் இரைச்சலும் கூடும். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ முதல் பக்கத்திலும் உச்சம் கடைசியில்தான், பாடகி கிளேர் டோரியின் அந்தக் குரல் முழுக்க லேபிளை நெருங்கும் இடத்தில்தான் வருகிறது. அதனால் இந்த இசைக்கு டர்ன்டேபிளை அமைக்கும்போது பக்கத்தின் கடைசி ஐந்து நிமிஷத்தை மனதில் வைத்து அமைக்கவேண்டும். பொதுவாகக் கடைக்காரர்கள் அப்படிச் செய்து தருவதில்லை.

ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்ம் ஒரு முளையில் சுற்றுவதால், அதன் நுனியில் ஊசி மாட்டிய கார்ட்ரிட்ஜ் க்ரூவுக்கு நேர்கோட்டில் இருப்பது தட்டில் இரண்டே இரண்டு இடத்தில்தான். அந்த இரண்டு இடம் எது என்று நாம்தான் தீர்மானிக்கிறோம். வழக்கமான பேர்வால்ட் முறையில் நடு அச்சிலிருந்து 66 மி.மீ., 121 மி.மீ. மொத்தத் தட்டுக்கும் சராசரியாக நல்லது. ஸ்டீவன்சன் முறையில் 60.3, 117.4. நடுவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடிவைக் காப்பாற்றுகிற கணக்கு. உன் அலமாரியில் இருப்பதைப் பார்த்தால் நீ ஸ்டீவன்சன்தான் போடவேண்டும். அதற்கான புரோட்ராக்டர் தாளை, அதாவது கோணம் பார்க்கிற தாளை, அச்செடுக்கும்போது 100 சதவீத அளவில் எடு. ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று பிரின்டர் தானாகச் சுருக்கிவிடும். அச்சான பிறகு ஸ்கேலை வைத்து 60.3-ஐயும் 117.4-ஐயும் அளந்து பார்த்துவிட்டுத்தான் நடுவில் துளை போடவேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் உழைப்பு வீண்.

முதலில் ஊசிப் பாரத்தைத் தோராயமாக 2 கிராமில் வை. தட்டு சுழலாதபடி ஓரத்தில் ஒரு மடித்த காகிதத்தைச் செருகு. கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் ஹெட்ஷெல்லின் இரண்டு திருகையும் அரைச் சுற்று தளர்த்து, கழற்றிவிடாதே. ஊசிமுனை தாளின் வெளிப்புள்ளியில் உட்காரவேண்டும், அதைத் தாங்கும் மெல்லிய தண்டு அங்கே இருக்கிற கட்டக்கோட்டுக்கு இணையாக இருக்கவேண்டும். கார்ட்ரிட்ஜின் உடம்பைப் பார்க்காதே, தண்டைப் பார். பிறகு உள்புள்ளி. அங்கே கோணல் தெரிந்தால் கார்ட்ரிட்ஜை மயிரிழை முன்னே பின்னே நகர்த்தி, மறுபடி வெளிப்புள்ளி. இரண்டிலும் நேராகும்வரை இதுதான் வேலை, ஒரு மணி நேரம் ஆகும். திருகை இறுக்கும்போது ஊசி மூடியைப் போட்டுவிடு. உள்ளே காந்தம் இருக்கிறது, இரும்பு ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுக்கும், தண்டு போனால் போனதுதான்.

இடம் மாறினால் பாரமும் மாறும், ஆகவே பாரத்தை இப்போது சரியாக வை. உன்னுடையது ஆடியோ-டெக்னிக்கா விஎம்95 வரிசை, அதற்கு 1.8-லிருந்து 2.2 கிராம், நடுவில் 2.0. ஆர்மில் இருக்கிற எண்ணை நம்பாமல் சின்ன டிஜிட்டல் தராசில், தட்டு இருக்கும் அதே உயரத்தில் நிறு. பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. லேசான ஊசி க்ரூவில் உட்காராமல் குதிக்கும், குதித்து விழுகிற ஊசிதான் சுவரைச் சிராய்க்கும். கடைசியாக, ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுக்கிற ஆன்ட்டி-ஸ்கேட்டிங்கையும் 2-இல் வைத்துக் கேள். வலது ஸ்பீக்கரில் மட்டும் சிதறினால் அது போதவில்லை, இடதில் மட்டும் என்றால் அதிகம்.

இத்தனைக்கும் பிறகு கொஞ்சம் சிதறல் மிஞ்சினால் ஊசியை மாற்று. அந்த வரிசையில் உடல் ஒன்றுதான், ஊசியை மட்டும் இழுத்துக் கழற்றி வேறு மாட்டலாம். ‘எம்எல்’ என்று முடிகிற மைக்ரோலீனியர் ஊசியின் முனை மெல்லிசாக இருப்பதால் உள் க்ரூவின் நெளிவுக்குள் இறங்கும். பெரிய ஸ்பீக்கர் வாங்க வைத்திருக்கும் பணத்தை இதில் போடு.

சத்தம் ஆடுகிறதா என்று சோதிக்க மெலட்ரானை நம்பாதே. அது ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு வைத்த வாத்தியம். கட்டையை அமுக்கினால் டேப் ஓடும், சுமார் 8 விநாடியில் தீர்ந்துவிடும், கையை எடுத்தால் ஸ்பிரிங் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். டேப்பின் நடுக்கம் அதன் பிறவிக் குணம். அது இல்லாவிட்டால் அந்தப் பாட்டுகளில் அந்த ஏக்கமே இருக்காது. பியானோவை வைத்துச் சோதி: ‘டார்க் சைட்’ முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு பியானோவில்தான் தொடங்குகிறது. நீளமாக நிற்கிற சுரம் 1.8 விநாடிக்கு ஒரு தரம் ஏறி இறங்கினால் தட்டின் துளை நடுவில் இல்லை. அதற்கு நம்மால் ஆவது ஒன்றுமில்லை, வேறு பிரதி தேடவேண்டியதுதான்.

முடிவுக்கு ஊசி என்றால் தொடக்கத்துக்குச் சுத்தம். யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ ஓடுகிற தண்ணீர்ச் சத்தமும் பறவைச் சத்தமுமாக, காதைத் தீட்டினால்தான் கேட்கும் அளவில் ஆரம்பிக்கிறது. அங்கே ஒரு ‘டப்’ கேட்டால் மனசு வேறு எதிலும் போகாது. பாரிஸில் உனக்கு எதிரி குளிர்காலத்து வறண்ட காற்று. ஹீட்டர் போட்ட அறையில் உறையிலிருந்து தட்டை உருவும்போதே மின்னேற்றம் படபடவென்று பொரியும், தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். கார்பன் ஃபைபர் பிரஷ்ஷை இரண்டு சுற்று தொட்டும் தொடாமலும் வைத்து, மெல்ல வெளியே இழு. காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டு பாலிதீன் உள்ளுறை வாங்கு.

இங்கே நேரெதிர். இந்த மழைக்காலத்தில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து, அட்டைக்கும் காகித உறைக்கும் பூஞ்சை பிடிக்கிறது. தட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் துணியால் தேய்க்கவே கூடாது, க்ரூவுக்குள் அமுங்கிவிடும். போர் தண்ணீரும் உதவாது, காய்ந்ததும் உப்புப் படியும். மருந்துக்கடையிலோ பேட்டரிக் கடையிலோ கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர் முக்கால் லிட்டர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு, வாசனையில்லாத பாத்திர சோப்பு இரண்டே சொட்டு. லேபிளை நனைக்காமல், மெல்லிய முடி பிரஷ்ஷால் க்ரூவ் ஓடும் திசையிலேயே வட்டமாகக் கழுவி, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை அலசி, தட்டு நிறுத்துகிற ஸ்டாண்டில் ஃபேனுக்கு நேராக இல்லாமல் ஒரு மணி நேரம் நிற்க வை. பழைய 78 சுற்றுத் தட்டுக்கு மட்டும் இந்தக் கலவை ஆகாது, அது அரக்கு, ஆல்கஹாலில் கரையும்.

பீரோவில் இருக்கும் உன் பங்குத் தட்டுகளை இப்படிக் கழுவி, செங்குத்தாக, சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது 20 எடுத்துப் போ. அட்டையோடு சேர்த்து 5, 6 கிலோ வரும். அட்டை 31.5 செ.மீ. சதுரம், கைப்பெட்டியில் நிற்கும். தட்டை அட்டைக்குள் விடாமல் பின்னால் தனியாக வைத்துக் கட்டு, இல்லையென்றால் குலுங்கிக் குலுங்கி அட்டையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வரும். ஈ.சி.ஆர். வழியாக விமான நிலையம் போகும்போது டிக்கியில் வேண்டாம், மடியில். வெயிலில் நின்ற காருக்குள் அரை மணி போதும், தட்டு அப்பளமாகிவிடும்.

பாரிஸில் பழைய தட்டு வாங்கினால் விளக்கடியில் சாய்த்துப் பார். லேபிள் பக்கத்து க்ரூவ் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால் தேய்ந்த ஊசி அறுத்துவிட்டது, எவ்வளவு கழுவினாலும் தேறாது. லேபிளில் துளையைச் சுற்றிக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் நிறைய ஓடிய தட்டு. வெளி விளிம்பு பளபளப்பதைக் கண்டு ஏமாறாதே. கல்கத்தா டம்டம் ஆலையில் அழுத்திய ‘டார்க் சைட்’ ஒன்று நம்மிடமே இருக்கிறது, அதற்காக அங்கே காசு கொடுக்காதே.

கேட்கும் முறை ஒன்றுதான்: ஊசியை வைத்தால் பக்கம் முடியும்வரை எழுந்திருக்காதே. கையில் தாளம் போட்டுக் கேள். நம் பிள்ளைகளுக்கு இது வெள்ளைக்காரப் பிள்ளைகளைவிடச் சுலபம் என்பது என் உறுதியான எண்ணம். ‘டார்க் சைட்’டில் வரும் ‘மணி’ (பணம்) பாட்டின் பேஸ் கிட்டார் 7 எண்ணிக்கை, மிஸ்ர சாபு மாதிரி ‘தகிட தகதிமி’ என்று தட்டிப்பார், உட்காரும். சாக்ஸபோன் அந்த ஏழிலேயே வாசித்துவிட்டுப் போகும். கிட்டார் வரும்போது தாளம் நான்காக மாறும், அப்போது உன் கை தானே தடுமாறும். ‘சப்பர்ஸ் ரெடி’யில் ஒன்பது வருகிற பகுதி இன்னும் அழகு. 3, 2, 4 என்று பிரித்திருக்கிறார்கள்: ‘தகிட தக தகதிமி’. டிரம்ஸும் பேஸும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, ஜெனிசிஸின் டோனி பேங்க்ஸ் ஆர்கனில் அதன் குறுக்கே இஷ்டத்துக்கு ஓடுகிறார். நீ விடாமல் தட்டிக்கொண்டிருந்தால்தான் அவர் எங்கே வந்து சேர்கிறார் என்பது புரியும். இது தெரிந்துவிட்டால் அந்த 23 நிமிஷம் நீளமாகவே தோன்றாது.

கச்சேரிக்கு வருவோம். ‘டார்க் சைட்’ முழுவதையும் 1972 பிப்ரவரியிலேயே லண்டன் ரெயின்போ அரங்கில் வாசித்துவிட்டார்கள். தட்டு வந்தது 1973 மார்ச்சில். மேடையில் ஓராண்டு உரசி உரசித்தான் அந்த மெருகு. அதனால் மேடையில் கேட்பதைத் தட்டோடு ஒப்பிட்டுக் குறை பார்க்காதே. பக்கம் திருப்ப வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை, உள் க்ரூவ் இல்லை, உச்சம் முழு அகலத்தில் வரும். அதற்காகவே போகவேண்டும். ஜெனிசிஸின் பழைய பாட்டுகளைத் தன் குழுவோடு வாசித்துவருகிற ஸ்டீவ் ஹாக்கெட் உங்கள் ஊருக்கு வந்தால் விடாதே. ‘ஃபாக்ஸ்ட்ராட்’ இரண்டாம் பக்கத்துத் தனிக் கிட்டார் அவர் கை. அந்த ஊரிலேயே 1969-இல் பிறந்த மேக்மா குழு இருக்கிறது. கிறிஸ்டியன் வாண்டர் தனக்கென்று ஒரு மொழியையே உண்டாக்கிப் பாடவைத்தவர். அதைத் தட்டில் கேட்டுத் தலை சுற்றுகிறவர்களுக்கும் நேரில் பிடித்துப்போகும்.

இருக்கை எடுக்கும்போது ஒலிக்கலவை மேசை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு முன்னாலோ பக்கத்திலோ எடு. அங்கே உட்கார்ந்திருப்பவரின் காதுக்குத்தான் மொத்த ஒலியும் அமைகிறது. முதல் வரிசையில் டிரம்ஸும் கிட்டார் ஆம்பும்தான் கேட்கும், குரல் தலைக்கு மேலே போய்விடும். பால்கனிக்கு அடியில் உள்ளடங்கின இடம் வேண்டாம், பேஸ் தேங்கி எல்லாச் சுரத்தையும் மூடிவிடும்.

காதடைப்பான் கட்டாயம். பிரான்ஸில் 2017 ஆணைப்படி 15 நிமிஷச் சராசரி 102 டெசிபலைத் தாண்டக்கூடாது, அரங்கத்தார் காதடைப்பானை இலவசமாகத் தரவேண்டும், வாசலில் கேள். ஆனால் 100 டெசிபலிலேயே ஒரு நாளைக்குக் காது தாங்குவது 15 நிமிஷம்தான், கச்சேரியோ இரண்டரை மணி நேரம். இலவச நுரைத் துண்டு மேல்ஸ்தாயியை அதிகம் தின்னும், சிம்பல் செத்துப்போகும். இசைக்காரர்கள் போடுகிற, எல்லா ஸ்தாயியையும் சமமாக 15 டெசிபல் குறைக்கும் வகையை வாங்கிச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள். முதல் பாட்டுக்கு முன்னாலேயே போடு, காது இரைய ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை.

புரோட்ராக்டரைச் சரிசெய்த பிறகு அந்தக் கடைசி இரண்டு நிமிஷத்தை மறுபடி பதிவு செய்து அனுப்பு. போனை ஸ்பீக்கருக்கு ஒட்டி வைக்காதே, ஒரு மீட்டர் தள்ளி வை.

அன்புடன்,
அம்மா