சிவப்பு வெளுக்கிறதா என்று பார்

அன்புள்ள கயலுக்கு,

ஓசோனைடு அயனியில்தான் உன் ஆராய்ச்சி என்று சொன்னாய். அன்று முதல் எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே இருக்கின்றன. வகுப்பில் நான் ஓசோனோடு நிறுத்திக்கொள்வேன். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த அந்த ஓசோன் கூடுதலாக ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஓசோனைடு அயனியானால் என்ன ஆகும் என்பதை உனக்காகத்தான் இப்போது உட்கார்ந்து படித்தேன்.

அந்த எலக்ட்ரான் பிணைப்பைத் தளர்த்தும் இடத்தில் போய் உட்காருகிறது. ஓசோனில் சுமார் 1.28 ஆங்ஸ்ட்ராமாக (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இருக்கும் பிணைப்பு, ஓசோனைடில் 1.35 அளவுக்கு நீண்டுவிடுகிறது. இணை சேராத எலக்ட்ரான் ஒன்று இருப்பதால் காந்தப்புலமும் அதை ஈர்க்கிறது. உலர்ந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தூளின் மேல் குளிரில் ஓசோனை ஓடவிட்டால், பொட்டாசியம் ஓசோனைடு உருவாகி வெள்ளைத் தூள் செம்மஞ்சளாக மாறும். திரவ அம்மோனியாவில் அதைக் கரைத்து வடித்து, அம்மோனியாவை ஆவியாக விட்டால் அடர்சிவப்புப் படிகம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அறை வெப்பத்தில் விட்டால் அது மெல்ல ஆக்சிஜனை இழந்து மஞ்சள் சூப்பர் ஆக்சைடாகிவிடும், அதாவது மூன்றுக்குப் பதில் இரண்டே ஆக்சிஜன் அணுக்கள் உள்ள சேர்மமாக. தண்ணீர் பட்டால் அதுகூடக் காத்திருக்காது. ஆக்சிஜன் நுரைத்துக் கிளம்ப, மிஞ்சுவது காரம் மட்டுமே. எடையில் கிட்டத்தட்ட 46 சதவீத ஆக்சிஜனை இப்படி வெளியே விடக்கூடிய பொருள் இது. சூப்பர் ஆக்சைடில் அது 34தான். மூச்சுக்காற்றுக் கருவிகளுக்கு இதை விரும்பியிருப்பார்கள், ஆனால் பத்திரமாக வைத்திருக்க முடியவில்லை.

பொட்டாசியத்தின் இடத்தில் கூட இருக்கும் நேர் மின்னேற்ற அயனி பெரிதாக இருந்தால் நிலைமை மாறுகிறது. லித்தியம், சோடியத்தோடு இது பெரும்பாடு. சீசியத்தோடு பரவாயில்லை. டெட்ராமெதில் அம்மோனியம் என்ற பெரிய நேர் அயனியோடு 75 டிகிரி செல்சியஸ் வரை தாங்குகிறது. சிறிய நேர் அயனி என்றால், ஓசோனைடு சிதைந்து அதைவிடச் சிறிய எதிர் அயனியாக மாறும்போது படிகத்துக்குக் கிடைக்கும் ஆற்றல் லாபம் அதிகம். அதனால்தான் அது நிற்பதில்லை.

குடிநீரை ஓசோனால் சுத்திகரிக்கும்போதும் இதே அயனி நொடிப்பொழுது வந்து போகிறது. அது உடைந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த, எதனோடும் சட்டென்று வினைபுரியும் துண்டைத் தருகிறது. ஓசோன் தொடாத அழுக்கையும் அந்த ரேடிக்கல் தாக்கும்.

சரி, அம்மாவாக ஒன்று கேட்கிறேன். ஒரே தடவையில் நிறையச் செய்யாதே, சிட்டிகை அளவு போதும். எண்ணெய், கிரீஸ், காகிதம் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. ராத்திரியில் தனியாக லேபில் இருந்து இதைச் செய்யாதே. குழாயில் சிவப்பு வெளுத்து மஞ்சள் தெரிந்தால், திறந்து பார்க்காமல் முதலில் உன் கைடைக் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா