கிராம் கணக்குக்குச் சண்டை போடட்டும் மாணவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று எல்லோரும் புலம்புகிறோம். சரி, அதற்குப் பதில் என்ன? ஒரு சின்னச் செயற்கைக்கோளை வடிவமைக்கச் சொல்லலாமே.

1999-ல் கலிபோர்னியாவில் இரண்டு பேராசிரியர்கள் 10 செ.மீ. கனசதுர 'கியூப்சாட்' அளவை வகுத்ததே, மாணவர்கள் படிப்பு முடிவதற்குள் ஒரு செயற்கைக்கோளைச் செய்து முடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தப் பெட்டிக்குள் கேமரா வைக்கும் மாணவி கூடுதலாக இரண்டு வாட் கேட்டால் பேட்டரி பெரிதாகும், எடை ஏறும், சோலார் தகடு போதாது, உள்ளே சூடும் கூடும், படத்தைக் கீழே அனுப்ப வேண்டிய ரேடியோக்காரரும் தன் பங்குக்கு மின்சாரம் கேட்பார். இத்தனை பேரையும் உட்கார வைத்து யார் எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்வதுதான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங். கரும்பலகையில் எத்தனை கட்டம் போட்டாலும் இது மண்டையில் ஏறாது.

நமக்கு இது புதிதும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் 2009-லேயே பிஎஸ்எல்வி-சி12 ராக்கெட்டில் போனது. அப்புறம் 2011-ல் எஸ்ஆர்எம்சாட், 2016-ல் 1.5 கிலோ சத்தியபாமாசாட். எல்லாக் கல்லூரியும் ராக்கெட் ஏற்ற முடியாதுதான், ஏற்றவும் வேண்டாம். எடைக் கணக்கு, மின்சாரக் கணக்கு, தொடர்புக் கணக்கு மூன்றையும் காகிதத்தில் போட்டு, வெளியாட்கள் முன்னால் வைத்துக் கேள்வி வாங்கினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். இதற்கு மெக்கானிக்கல், இசிஇ (மின்னணு, தகவல் தொடர்பு), கம்ப்யூட்டர் மாணவர்கள் ஒரே குழுவில் இருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்தால் மதிப்பெண்ணை எந்தத் துறை போடுவது என்பதைப் பல்கலைக்கழகங்கள் முதலில் முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரிவுரையாளர், திருச்சி