வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, தொழில், ஊடகம், விளையாட்டு, கேளிக்கை ஆகிய துறைகளில் கறுப்பின அமெரிக்கர்கள் சாதித்ததே இவ்வாண்டின் பொருள். 'இந்தப் பதவியில் முதல் கறுப்பினத்தவர்' என்று பட்டியல் போடும் வேலையைத் தொடக்கத்திலேயே கைவிட்டோம். கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரி வந்தால் ஊரிலுள்ள எல்லா நூலகங்களும் அதைச் செய்துவிடுகின்றன. முதலீடு எங்கிருந்து வந்தது, ஒப்பந்தத்தில் உரிமை யார் பெயருக்கு எழுதப்பட்டது என்ற இரண்டை மட்டும் ஒவ்வொருவரிடத்திலும் தேடிப் படித்தோம்.

ஊடகத்துக்கு நம் சிகாகோவே போதுமானதாக இருந்தது. ஜான் எச். ஜான்சன் 1942-இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தாயார் வாங்கியிருந்த புது மரச்சாமான்களை ஈடு வைத்து 500 டாலர் கடன் எடுத்தார். அந்தப் பணம் அச்சுக்கூலிக்கு அல்ல, தபால் செலவுக்கு. பாலிசிதாரர் 20,000 பேருக்குக் கடிதம் போட்டு, இதழ் வெளிவரும் முன்பே 2 டாலர் சந்தா கேட்டார். 3,000 பேர் அனுப்பினார்கள். கையில் 6,000 டாலர் சேர்ந்த பிறகே 'நீக்ரோ டைஜஸ்ட்' 5,000 பிரதி அச்சேறியது. விநியோகஸ்தர் எடுக்க மறுத்தார், விற்காது என்றார். ஜான்சன் தம் அலுவலக நண்பர்களைக் கடை கடையாக அனுப்பி இதழைக் கேட்க வைத்தார். கடைக்கு வந்த பிரதிகளை அவர்களே வாங்க, அந்தக் காசையும் இவரே கொடுத்தார். சாமர்த்தியம் என்பதா, தில்லுமுல்லு என்பதா என்று கூட்டத்தில் வாக்குவாதம் நீண்டது. தீர்ப்பு எட்டவில்லை.

1945-இல் வந்த 'எபோனி'க்குச் சிக்கல் வேறு மாதிரி. வழவழப்புத் தாளில் படங்களோடு வரும் இதழுக்கு விளம்பரம் இல்லாவிட்டால், விற்பனை கூடக் கூட நட்டமும் கூடும். பெரிய நிறுவனங்கள் கறுப்பினத்தவர் இதழுக்கு விளம்பரம் தரவில்லை. ஜான்சன் முதலில் தாமே ஒரு தபால்வழி விற்பனைக் கம்பெனி தொடங்கி, தம் இதழிலேயே அதற்கு விளம்பரம் போட்டார். பிறகு செனித் வானொலி நிறுவனத் தலைவர் மெக்டொனால்டைப் பார்க்கப் போனார். அவருக்குத் துருவப் பயணத்தில் பித்து என்பதைத் தெரிந்துகொண்டு, துருவப் பயணி ராபர்ட் பியரியோடு 1909-இல் வடதுருவப் பயணம் போன கறுப்பின வீரர் மாத்யூ ஹென்சன் கையெழுத்திட்ட நூலையும், அவரைப் பற்றி எபோனியில் வந்த கட்டுரையையும் எடுத்துப் போனார். விளம்பரம் கிடைத்தது.

1949-இல் தெற்கு மிச்சிகன் அவென்யூவில் 1820-ஆம் எண் கட்டடத்தை வாங்க முயன்றபோது, கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம் என்றார்கள். வெள்ளை வழக்கறிஞர் ஒருவர் மூலம் டிரஸ்ட் பெயரில் விலை பேசி, ஜான்சன் துப்புரவுத் தொழிலாளி வேடத்தில் உள்ளே போய்ச் சுவர், குழாய் எல்லாம் பார்த்துவிட்டு வந்தார். அதே சாலையில் 820-ஆம் எண்ணில் 1972-இல் திறந்த 11 மாடிக் கட்டடம் அவரே கட்டியது. வடிவமைத்தவர் ஜான் மூட்டுசாமி. குவாதலூப் தீவில் குடியேறிய இந்தியர் வழிவந்த குடும்பம். முத்துசாமி என்ற பெயர்தான் பிரெஞ்சு எழுத்தில் அப்படி ஆகியிருக்கிறது. டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் இவருடைய மருமகன். பார்க்க விரும்புவோர் தெருவிலிருந்தே பார்க்கலாம். உள்ளே இப்போது வாடகை வீடுகள்.

முடிவையும் படித்தோம். இதழ்கள் 2016-இல் கைமாறின. புகைப்படக் களஞ்சியத்தை ஈடு வைத்து வாங்கிய 12 மில்லியன் டாலர் கடன் அடைபடாமல் நின்றது. 2019-இல் நிறுவனம் திவால்; களஞ்சியத்தை அறக்கட்டளைகள் சேர்ந்து 30 மில்லியனுக்கு வாங்கின.

இசையில் டெட்ராய்ட்டின் பெரி கோர்டி. குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் பெற்று, பிறகு மோடவுன் என்று பெயர்பெற்ற இசைத்தட்டு நிறுவனத்தை 1959 ஜனவரியில் தொடங்கினார். இங்கே புரிந்துகொள்ள வேண்டியது, ஒரு பாட்டில் இரண்டு சொத்து உண்டு என்பது. பதிவான நாடா ஒன்று, பாட்டின் இயற்றல் உரிமை இன்னொன்று. 1977 வரை சட்டப்படி ஒரு பாட்டுக்கு, விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் 2 சென்ட் இயற்றல் பக்கம் போகும். வழக்கமாக அதில் பாதி வெளியீட்டாளருக்கு. கோர்டி நாடா, பாட்டுரிமை இரண்டையும் வைத்திருந்தார். 1988-இல் மோடவுன் தட்டு நிறுவனத்தை 61 மில்லியனுக்கு விற்றபோது, பாட்டுரிமை வைத்திருந்த ஜோபெட்டை விற்கவில்லை. 1997-இல் அதில் பாதி மட்டும் 132 மில்லியனுக்குப் போயிற்று. கணக்குத் தெரிந்தவர். ஆனால் தட்டு நிறுவனம், பாட்டுரிமை, கலைஞர்களின் மேலாண்மை மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால், கலைஞருக்காகப் பேரம் பேச வெளியாள் இல்லை. மோடவுனின் பாட்டாசிரியர்களான ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் மூவரும் 1968-இல் வழக்காடியதைப் படிக்கும்போது இது விளங்கும். அதே 1959-இல் ரே சார்ல்ஸ் ஏபிசி-பாரமவுண்ட் தட்டு நிறுவனத்துக்கு மாறியபோது, நாடாக்கள் தம்மிடமே வரும்படி எழுதி வாங்கினார். பாடகர் ஒருவர் அப்படிக் கேட்டது அந்நாளில் மிக அபூர்வம்.

பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் கதை எல்லோருக்கும் தெரியும். வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பெரிய லீக்குக்கு அவரை எடுத்துக்கொண்ட புரூக்ளின் அணி, அவர் ஆடிவந்த கறுப்பின அணியான கான்சஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு ஒரு காசும் தரவில்லை. இன்னொரு கறுப்பின அணியான நூவர்க் ஈகிள்ஸின் உரிமையாளர் எஃபா மேன்லி சும்மா விடவில்லை. 1947-இல் தம் ஆட்டக்காரர் லாரி டோபியை கிளீவ்லாந்து அணிக்குக் கொடுத்தபோது 15,000 டாலர் வாங்கினார். ஆனாலும் ஆட்டக்காரரும் ரசிகரும் போன பிறகு கறுப்பின அணிகள் நிலைக்கவில்லை.

பேஸ்பால் ஆட்டக்காரர் கர்ட் ஃபிளட் தொடுத்த வழக்குக்கு ஒரு முழுக் கூட்டம் ஒதுக்கினோம். ஆட்டக்காரர் ஒப்பந்தத்தின் 10(அ) பிரிவு, அணி ஓர் ஆண்டு நீட்டித்துக்கொள்ளலாம் என்கிறது. நீட்டித்த ஒப்பந்தத்திலும் அதே பிரிவு இருப்பதால் நீட்டிப்புக்கு முடிவே இல்லை என்பது முதலாளிகள் வாதம். 1969-இல் தம்மை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை ஃபிளட் ஏற்கவில்லை. 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 3 என்று தோற்றார். ஆட்ட வாழ்வும் போயிற்று. 1975 டிசம்பரில் ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ் வேறு இரு ஆட்டக்காரர்கள் வழக்கில் 'ஓர் ஆண்டு என்றால் ஓர் ஆண்டுதான்' என்ற பொருளில் தீர்ப்பளித்தார். பலன் பின்னால் வந்தவர்களுக்கு.

தொழில் பற்றிச் சுருக்கமாகவே பேச முடிந்தது. ரெஜினால்ட் லூயிஸ் 1984-இல் மெக்கால் தையல்மாதிரி நிறுவனத்தை 22.5 மில்லியனுக்கு வாங்கினார். பெரும்பகுதி கடன், சொந்தமாகப் போட்டது 1 மில்லியன். சும்மா நின்ற அச்சு இயந்திரங்களில் வாழ்த்து அட்டை அடித்தார். 1987-இல் 65 மில்லியனுக்கு விற்றார். தொலைக்காட்சி நிறுவனர் ராபர்ட் ஜான்சன் 300 மில்லியனுக்குப் பெற்ற சார்லட் கூடைப்பந்து அணி, 2010-இல் மைக்கேல் ஜோர்டன் கைக்கு வந்தது. 2023-இல் 3 பில்லியன் மதிப்பில் அவரும் பெரும்பங்கை விற்றார். அத்துடன் என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் கறுப்பினப் பெரும்பங்கு உரிமையாளர் எவரும் இல்லாமல் போயிற்று.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். வரும் ஆண்டுக்குச் சிகாகோவின் கறுப்பினக் காப்பீட்டு நிறுவனங்களையும் வங்கிகளையும் எடுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. கடன் கொடுத்தவர்கள் பக்கம் இவ்வாண்டு விடுபட்டுவிட்டது. உறுப்பினர்கள் ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்